சோயா இல்லாத டோஃபு: பருப்பில் வீட்டிலேயே செய்ய முடியுமா?

வேலூர் அடுப்படி கேட்டது:

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. பாலும் சோயாவும் அவளுக்கு ஒவ்வாமை என்று மருத்துவர் பரிசோதனை செய்து உறுதியாகச் சொல்லிவிட்டார். நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத வீடு. ஆக பனீர் கிடையாது, சோயாப் பாலில் செய்யும் டோஃபு கிடையாது, மீல்மேக்கரும் கிடையாது. பருப்பு, சுண்டல், பயறு எல்லாம் நன்றாகவே சாப்பிடுகிறாள், அவற்றால் இதுவரை எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. ஆனால் தினமும் பருப்பைக் கூட்டாகவும் சாம்பாராகவும் சுண்டலாகவும் மட்டும் கொடுத்தால் பிள்ளைக்குச் சலிப்பு வரத்தானே செய்யும். வகுப்பில் மற்ற பிள்ளைகள் பனீர் மசாலா கொண்டுவருகிறார்களாம், அதேபோல் துண்டு துண்டாக வாயில் போட்டு மெல்லும்படி தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள்.

வீடியோக்கள் நிறைய பார்த்தேன். ஒருவர் கடலை மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டுத் தட்டில் ஊற்றி வெட்டுகிறார். இன்னொருவர் மைசூர் பருப்பை ஊறவைத்து அரைத்து அப்படியே கிளறுகிறார். மூன்றாமவர் பாசிப்பருப்பில் பால் எடுத்து எலுமிச்சை பிழிந்து துணியில் கட்டுகிறார். மூன்றுக்கும் டோஃபு என்றே பெயர் போட்டிருக்கிறார்கள், ஆனால் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எது சரி? எலுமிச்சை வேண்டுமா வேண்டாமா? குருமாவில் போட்டால் கரையாமல் நிற்குமா? புரதம் எவ்வளவு தேறும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரங்கூன் பேத்தி எழுதியது:

முதல் முறைக்கு எலுமிச்சை தேவையே இல்லை. அது பர்மாவில், குறிப்பாக ஷான் மாநிலத்தில், காலங்காலமாகச் செய்துவருவது. பாலைத் திரியவைக்க வேண்டாம், பிழிய வேண்டாம், பாரம் வைக்க வேண்டாம். கடலை மாவும் தண்ணீரும் மஞ்சளும் உப்பும்தான். பாட்டி குடும்பம் அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர்கள். அங்கிருந்து வந்த சாப்பாட்டில் அத்தோ நூடுல்ஸும் மொய்ங்கா சூப்பும் பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டிக் கடைகளில் இடம்பிடித்துவிட்டன, இந்த மஞ்சள் டோஃபு மட்டும் நான் பார்த்தவரை வீடுகளைத் தாண்டி அதிகம் வெளியே வரவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான், ஏனென்றால் இவ்வளவு சுலபமாக, இவ்வளவு குறைந்த செலவில் செய்யக்கூடியது வேறு இல்லை.

அளவு சொல்கிறேன். சலித்த கடலை மாவு ஒரு டம்ளர், தண்ணீர் அதே டம்ளரில் மூன்று, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன். தண்ணீரில் பாதியை எடுத்து மாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, முடிந்தால் அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, ஒருமுறை வடிகட்டிக்கொள்ளுங்கள். மீதித் தண்ணீரை அடிகனமான பாத்திரத்தில் கொதிக்கவைத்து, கரைசலை அதில் நூல்போல ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல் தண்ணீராகவே இருக்கும், அப்புறம் திடீரென்று கெட்டிப்படும், அந்த நேரத்தில் கை நின்றால் அடிப்பிடித்துக் கட்டி விழுந்துவிடும். கெட்டியானதும் உடனே இறக்கிவிடாதீர்கள், பலரும் அங்கேதான் அவசரப்படுகிறார்கள். தீயைக் குறைத்து இன்னும் எட்டு, பத்து நிமிடம் கிளற வேண்டும். பச்சை மாவு வாசனை போய், மேல் பரப்பில் ஒரு பளபளப்பு வந்து, கரண்டியை இழுத்தால் அந்தத் தடம் மூடாமல் ஒரு நொடி அடிப்பாத்திரம் தெரியும். அதுதான் பதம். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஆறியதும் தொட்டுப் பாருங்கள், விரலில் ஒட்டாமல் உரிந்து வந்தால் இறக்கலாம்.

எண்ணெய் தடவிய எவர்சில்வர் டப்பாவில் உடனே ஊற்றி, டப்பாவை மேடையில் இரண்டு தட்டு தட்டினால் சமமாகிவிடும். சூடாக இருக்கும்போது மூடாதீர்கள், ஆவி வேர்த்து மேலே சொட்டினால் மேல் பரப்பு கொழகொழவென்று ஆகிவிடும். ஆறியதும் மூடி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கவிழ்த்தால் கத்தியில் ஒட்டாமல் வெட்டலாம்.

இன்னொன்று. இறக்கின சூட்டிலேயே, உறைவதற்கு முன், அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றிப் பூண்டு எண்ணெயும் கொத்தமல்லியும் போட்டுச் சாப்பிடுவது ஷான் மாநிலத்தில் காலைப் பலகாரம். இடியாப்பத்தின் மேல் ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள், பிள்ளைக்குப் பிடிக்கும்.

---

சோதனைக்கூடம் எழுதியது:

மூன்று வீடியோவும் சரிதான். ஆனால் இரண்டு வெவ்வேறு பொருளை ஒரே பெயரில் காட்டுகிறார்கள், குழப்பம் அதனால் வருகிறது. இது புரிந்துவிட்டால் எந்தப் பருப்பைக் கொடுத்தாலும் என்ன செய்யலாம் என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சோயாவில் புரதம் 36 சதவீதம் வாக்கில், கொழுப்பு 20 சதவீதம் வாக்கில் இருக்கிறது, மாவுச்சத்து மிகமிகக் குறைவு. அதனால் சோயாப் பாலைக் காய்ச்சினால் அது பால்போலவே இருக்கும். அதில் மெக்னீசியம் குளோரைடோ கால்சியம் சல்பேட்டோ சேர்த்தால் புரதம் மட்டும் திரண்டு தனியே வரும். நம் பருப்புகள் அப்படி அல்ல. கடலைப் பருப்பில் புரதம் 21, 22 சதவீதம், பாசிப்பருப்பிலும் மைசூர் பருப்பிலும் 24 வாக்கில், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. 70 டிகிரியைத் தாண்டுவதற்குள் அந்த மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து வீங்கி மொத்தத்தையும் கூழாக்கிவிடும். கூழில் எலுமிச்சை பிழிந்தால் புளிப்புக் கூழ்தான் கிடைக்கும், புரதம் திரண்டாலும் அதைப் பிரித்தெடுக்க வழி இல்லை.

ஆக வழி இரண்டுதான். ஒன்று, மாவுச்சத்தை அதன் போக்கில் விட்டு அதையே உறையவைப்பது. ரங்கூன் பேத்தி சொன்னதும் மைசூர் பருப்பு வீடியோவும் இந்த வகை. மற்றது, காய்ச்சுவதற்கு முன்பே மாவுச்சத்தை வெளியேற்றிவிட்டுப் புரதத்தை மட்டும் திரிப்பது. பாசிப்பருப்பு வீடியோவில் அதைத்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது முறைக்குக் கால் கிலோ பாசிப்பருப்பை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, மிக்ஸியில் குளிர்ந்த தண்ணீர் விட்டு நைசாக அரையுங்கள். சோயாவுக்குப் பச்சை வாடை போகச் சுடுதண்ணீர் விட்டு அரைப்பார்கள், இங்கே அதைச் செய்யவே கூடாது, மாவுச்சத்து அப்போதே வெந்துவிடும். எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர் தண்ணீர் வரை போகலாம். மல் துணியில் இறுக்கப் பிழிந்து, வந்த பாலை உயரமான பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் ஃபிரிட்ஜில் ஐந்தாறு மணி நேரம் வையுங்கள். வெளியே வைத்தால் நம் ஊர் வெயிலுக்குப் புளித்துவிடும். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுத்து வைத்துத் தெளிவைக் கொட்டிவிட்டு அடியில் தங்கியதை எடுப்போம் அல்லவா, இங்கே அதற்கு நேர் எதிர். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் இறுகிக் கிடப்பதுதான் மாவுச்சத்து, அது வேண்டாம். மேலே நிற்கும் இளமஞ்சள் பால்தான் வேண்டும். கலங்காமல் சாய்த்து ஊற்றிக்கொள்ளுங்கள். பாத்திரத்தைச் சாய்க்கும்போது வெள்ளை வண்டல் நகர ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், கடைசி அரை டம்ளர் பால் வீணானால் பரவாயில்லை.

அந்தப் பாலைக் கிளறிக்கொண்டே கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் விட்டு, அணைத்துச் சற்றே சூடு இறங்கியதும் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து சுற்றிலும் மெதுவாக விடுங்கள். வினிகரும் சரி. திரியும்போது பனீர்போல் பெரிய கட்டியாக எதிர்பார்க்காதீர்கள், ரவை ரவையாகத்தான் வரும். பத்து நிமிடம் தொடாமல் விட்டு, துணி விரித்த வடிகட்டியில் ஊற்றி, தண்ணீர் வடிந்ததும் துணியை மடித்து மேலே ஒரு சொம்புத் தண்ணீரைப் பாரமாக வைத்து அரை மணி நேரம் அழுத்தினால் கட்டி தயார்.

கிடைப்பது கொஞ்சம்தான். கால் கிலோ பருப்பில் இருக்கும் புரதமே மொத்தம் 60 கிராம், அதில் ஒரு பகுதி சக்கையோடும் ஒரு பகுதி வடிந்த தண்ணீரோடும் போய்விடும். ஆனால் எதையும் கொட்ட வேண்டியதில்லை. சக்கையை அடை மாவில் சேர்க்கலாம், வடை தட்டலாம். அடியில் தங்கிய மாவுச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் கிளறி உறையவைத்தால் கண்ணாடிபோல ஒரு கட்டி வரும், கொரியாவிலும் சீனாவிலும் பச்சைப்பயறு மாவுச்சத்தில் அதைத் தனி உணவாகவே சாப்பிடுகிறார்கள்.

---

டொரண்டோ தமிழ் எழுதியது:

சோதனைக்கூடம் சொன்னது அறிவுக்குச் சரி, ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தினம் டப்பா கட்டும் அம்மாவுக்கு அது கட்டுப்படியாகாது. என் ஓட்டு மைசூர் பருப்புக்கு. ஒரு கப் பருப்பை நன்றாகக் கழுவி ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடித்து, இரண்டரைக் கப் புதுத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் வெண்ணெய்போல் அரைத்து, வடிகட்டாமல் அப்படியே அடுப்பில் வைத்து ஏழெட்டு நிமிடம் விடாமல் கிளறி டப்பாவில் ஊற்றினால் வேலை முடிந்தது. வடிகட்டாததால் நார்ச்சத்தும் போவதில்லை, புரதமும் போவதில்லை. கணக்குப் போட்டால் 200 கிராம் பருப்பில் 48 கிராம் புரதம், ஊறும்போது குடித்த தண்ணீரையும் சேர்த்தால் முடிவில் கிடைப்பது 900 கிராம் வாக்கில் கட்டி, ஆக நூறு கிராமுக்கு ஐந்து கிராம் வாக்கில் தேறும். கடலை மாவில் செய்தால் இதைவிடக் குறைவாக வரும். கடைச் சோயா டோஃபுவில் இதைவிட அதிகம் என்பது உண்மை.

நிறம் மட்டும் எதிர்பார்த்தபடி இருக்காது. சிவப்புப் பருப்பு வெந்ததும் வெளிர் மஞ்சளாகிவிடும். பூண்டுப்பொடியோ மிளகுத்தூளோ கிளறும்போதே சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் சப்பென்று இருக்கும்.

---

சோதனைக்கூடம் எழுதியது:

தினசரிக்கு மைசூர் பருப்புதான் வசதி, மறுக்கவில்லை. ஆனால் பாசிப்பருப்பில் திரித்து எடுத்ததை உதிர்த்து வெங்காயம் தக்காளியோடு வதக்கினால் பனீர் புர்ஜிக்குப் பக்கத்தில் வரும், அந்த உதிரும் தன்மை மாவுச்சத்துக் கட்டியில் ஒருநாளும் வராது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்பது என் எண்ணம்.

---

வேலூர் அடுப்படி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இப்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. கடலை மாவு முறையில் முதலில் தொடங்குகிறேன். இரண்டு சந்தேகம். மாவு கடையில் வாங்கலாமா, இல்லை மில்லில் அரைத்துக்கொள்ளலாமா? சோயா டோஃபுவில் கால்சியம் இருக்கும் என்கிறார்களே, இதிலும் இருக்குமா? குருமா கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

---

மதுரை செவிலி எழுதியது:

மில்லில் அரைப்பதைத்தான் நான் முதலில் வேண்டாம் என்பேன். நம் ஊர் மாவு மில்லில் நமக்கு முன்னால் வந்தவர் என்ன அரைத்தார் என்று தெரியாது. சத்துமாவுக்கும் சப்பாத்தி மாவுக்கும் சோயா சேர்த்து அரைப்பவர்கள் நிறைய பேர், இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் மாவு அடுத்தவர் பையில்தான் விழும். மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்தக் கொஞ்சமே போதும். கடை மாவிலும் பட்டாணி மாவு கலந்து வருவது உண்டு, கேசரிப் பருப்புக் கலப்படமும் கடலை மாவில் பழைய பிரச்சினை. அதனால் பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் ஒவ்வாமை எச்சரிக்கை வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, முழுக் கடலைப் பருப்பை வாங்கிக் கல், வேறு பருப்பு ஏதும் கிடக்கிறதா என்று கையால் பொறுக்கிப் பார்த்து, ஊறவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரைப்பது. பருப்பு கண்ணுக்குத் தெரியும், மாவு தெரியாது.

சோயாவும் கடலையும் பயறும் ஒரே குடும்பம். சோயா ஒவ்வாமை உள்ள எல்லோருக்கும் மற்றவையும் ஒத்துக்கொள்ளாது என்று இல்லை, பெரும்பாலானவர்கள் சாப்பிடுகிறார்கள், உங்கள் மகளும் சாப்பிடுகிறாள். ஆனாலும் இதுவரை சாப்பிட்டே இராத பருப்பு எதையும் டோஃபுவாகச் செய்து பள்ளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதல் தடவை வீட்டில், உங்கள் கண் முன்னால், கொஞ்சமாக. அதையும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் லூப்பின் மாவு என்று ஒன்று வரும், அதுவும் ஒரு பயறு வகைதான், புரதம் அதிகம் என்று ஆசை காட்டும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்து, ஐரோப்பாவில் பாக்கெட்டில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் அதுவும் ஒன்று. நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ராஜ்மாவில் செய்யும் வீடியோவும் உண்டு, ராஜ்மாவை ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவைக்காமல் அரைத்து அரைவேக்காட்டில் கிளறினால் வாந்தி வயிற்றுப்போக்குதான் மிஞ்சும், அதில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அப்படிப்பட்டது.

கால்சியம் இதில் அதிகம் இருக்காது. கடை டோஃபுவில் இருப்பது பெரும்பாலும் அதைத் திரிக்கப் போடும் கால்சியம் சல்பேட்டிலிருந்து வருவது. பாலும் இல்லாத பிள்ளை என்பதால் இது முக்கியம். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, கூழாகவோ அடையாகவோ வாரத்தில் சில நாள் கொடுங்கள், ஒத்துக்கொள்ளும் என்றால் எள்ளுப்பொடியும் சேருங்கள். அது போதுமா என்று அடுத்த தடவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

ரங்கூன் பேத்தி எழுதியது:

மதுரை செவிலி சொன்னபடி பருப்பாக அரைத்தால் டோஃபு இன்னும் வழுவழுப்பாக வரும், மாவு வாசனையும் குறையும். ஒரு டம்ளர் கடலைப் பருப்புக்கு மொத்தத் தண்ணீர் நாலு டம்ளர், அரைத்துத் துணியில் வடிகட்டிவிட்டுக் கிளறுங்கள். மற்றதெல்லாம் அதேதான்.

குருமா விஷயம். குருமாவில் போட்டுக் கொதிக்கவிட்டால் ஓரம் கரைந்து குழம்பே கெட்டியாகிவிடும். மாவுச்சத்து உறைந்த கட்டி அது, சூடு ஏறினால் இளகத்தான் செய்யும். துண்டுகளைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, தோசைக்கல்லில் எண்ணெய் தாராளமாக விட்டு, நாலு பக்கமும் பொன்னிறமாகத் தோல் கட்டும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். போட்டதும் கரண்டியால் நோண்டாதீர்கள். தோல் கட்டினால் தானாகவே கல்லை விட்டு வரும், அதற்கு முன் புரட்டினால் பாதி கல்லிலேயே நின்றுவிடும். குருமா தயாராகி அடுப்பை அணைத்த பிறகு, பரிமாறப் போகும்போது மேலே போடுங்கள். டப்பாவுக்கு என்றால் குழம்பு தனி, வறுத்த துண்டு தனி.

ஆனால் எனக்குக் கேட்டால் குருமாவில் போடுவதைவிட இதை இதன் ருசியிலேயே கொடுங்கள் என்பேன். மெல்லிய பட்டையாக வெட்டி, புளிக்கரைசல், உப்பு, துளி வெல்லம், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு வறுத்த எண்ணெய், வறுத்த கடலை மாவு ஒரு ஸ்பூன், கொத்தமல்லி போட்டுக் கையால் மெதுவாகப் பிசறினால் அதுதான் பர்மா டோஃபு சாலட். குறிப்புகளில் சோயா சாஸ் போடச் சொல்வார்கள், அதை விட்டுவிடுங்கள், புளியும் உப்பும் வெல்லமும் அந்த வேலையைச் செய்துவிடும். வெளியே அத்தோ, நூடுல்ஸ் என்று எது வாங்கினாலும் சோயா சாஸ் ஊற்றினீர்களா என்று கேட்காமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

---

வேலூர் அடுப்படி எழுதியது:

சாலட் அவளுக்கு நிச்சயம் பிடிக்கும், புளிப்பு என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் வாரம் முழுக்க வருமா?

---

டொரண்டோ தமிழ் எழுதியது:

ஃப்ரீசர் வேண்டாம். சோயா டோஃபுவை உறையவைத்தால் பஞ்சுபோலாகி மசாலாவை நன்றாக உறிஞ்சும், அதை வேண்டுமென்றே செய்பவர்கள் உண்டு. மாவுச்சத்துக் கட்டி அப்படி இல்லை, உருகும்போது தண்ணீர் விட்டு உதிர்ந்துபோகும். சாதா ஃபிரிட்ஜில் மூடிய டப்பாவில் மூன்று நாள் தாராளமாக இருக்கும். அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கினால் பயப்பட வேண்டாம், வடித்துவிட்டு ஒற்றியெடுத்து வறுக்கலாம். புளித்த வாசனை வந்தாலோ மேலே பிசுபிசுத்தாலோ மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஞாயிறு ஒரு தடவை, புதன் ஒரு தடவை என்று அரை டம்ளர் அரை டம்ளராகச் செய்வதுதான் சரிவரும்.